தரைக்கு நல்ல பை

எல்லோரும் தன்னைப் பாக்கெட்டார் என்று கூப்பிடுவதை மரியாதை என்றுதான் அவர் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் அந்தப் பெயர் வந்த கதையை உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில், அதில் மரியாதை கால்வாசி, கிண்டல் முக்கால்வாசி என்று தெரிந்தது. கோபித்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். கிண்டலில் நியாயம் இருந்ததால் விட்டுவிட்டார்.

தொழிலை அவர் தொடங்கியது சட்டை தைப்பவராக. அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவரைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும். காலர் ஒரு பக்கம் பார்க்கும், பட்டன் வரிசை இன்னொரு பக்கம் பார்க்கும். ஆனால் பாக்கெட் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். சட்டை நைந்து தரை துடைக்கப் போன பிறகும் பாக்கெட் அசையாமல் நிற்கும். "பாக்கெட்டை மட்டும் நான் வச்சுக்கறேன், சட்டையை நீங்களே எடுத்துக்கோங்க" என்று ஒரு வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பாக்கெட்டார் இந்தக் கதையைப் புது ஆட்களிடம் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அடுத்தவர் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள் என்ற முன்னெச்சரிக்கைதான்.

ஒரு தச்சர் இருந்தார். ஆணியும் உளியும் போட்டுப் போட்டுக் கால்சட்டைப் பை கிழிந்துபோகிறது என்று வந்தார். பாக்கெட்டார் புதுக் கால்சட்டை ஒன்று தைத்து, அதில் கான்வாஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டு ஒரு பை வைத்துக் கொடுத்தார். சில மாதம் கழித்துத் தச்சர் திரும்பி வந்தபோது அந்தப் பையை ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தார். கால்சட்டையைக் காணோம்.

"நீங்க தைச்ச கால்சட்டை போயிடுச்சுங்க. பை போகல. இதே மாதிரி இன்னொன்னு கொடுங்க. கால்சட்டை வேணாம்."

அன்றைக்கே சட்டைக்கும் கால்சட்டைக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, பை மட்டும் தைக்க உட்கார்ந்தவர்தான். இரும்புக்கடைத் தெருவில், பெயிண்ட் கடைக்கும் குழாய்க் கடைக்கும் நடுவே அவர் கடை. உள்ளே ஒரு தையல் மெஷின் நேராக நிற்கிறது. மனிதர்கள் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். சுவரெல்லாம் பைகள் தொங்கும். தச்சருக்குச் சுத்தியல் வளையம் வைத்த இடுப்புப் பை, எலெக்ட்ரீஷியனுக்கு டெஸ்டரும் பிளேயரும் செருகுகிற பெல்ட், குழாய் வேலைக்காரருக்குச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற கருவிச் சுருள், முடி திருத்துபவருக்குக் கத்தரிக்கோல் உறை, கேமராக்காரருக்கு உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை. யார் வந்தாலும் பாக்கெட்டார் முதலில் பார்ப்பது இடுப்பை. அப்புறம்தான் முகம். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்து, மாப்பிள்ளை எப்படி என்று மனைவி கேட்டபோது, "இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு நிக்கறார், பை கட்டினா வலது பக்கம்தான் கட்டணும்" என்றார்.

அளவெடுக்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஆளை நேராக நிற்கச் சொல்வார். கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்வார். விரல்நுனி எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. பையின் வாய் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். "தூக்கத்துல கையை விட்டாலும் சாமான் கைக்கு வரணும்" என்பார். இதைச் சொல்லும்போது நெஞ்சு சற்று நிமிரும். அவர் வாழ்க்கையில் நெஞ்சு நிமிர்வதற்கு அதிகம் காரணங்கள் இல்லாததால் இந்த ஒன்றைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்.

உயரம் என்றால் அவருக்கு ஆகாது. வீட்டில் பல்பு போனால் மனைவிதான் ஸ்டூலில் ஏறி மாற்றுவாள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. பிடித்தபடி மேலே பார்த்தால் தலை சுற்றும் என்பதால் தரையைப் பார்த்துக்கொண்டே பிடிப்பார். இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், அவள் செல்போன் டவரில் ஏறி ஆன்டெனா மாட்டும் வேலைக்குப் போனாள்.

"எவ்ளோ உயரம்மா?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாத உயரம்ப்பா."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அது அரை நாள்கூடத் தாங்கவில்லை. மகள் பிடிவாதத்தில் அம்மாவைக் கொண்டிருந்தாள். அவளைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். அவளுக்கு ஒரு பை தைத்தார்.

அதுவரை அவர் தைத்ததெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படி இருந்தது அந்த இடுப்புப் பை. ஸ்பேனர்களுக்கு அளவு வாரியாக உறை, பிளேயருக்கு, டேப்புக்கு, வெட்டுக் கத்திக்குத் தனித்தனியாக. அதோடு விட்டாரா? தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை. தலைவலி மாத்திரைக்கு ஒரு பை. ஆபத்தென்றால் ஊத விசிலுக்கு ஒரு பை. மயக்கம் வந்தால் வாயில் போட மிட்டாய்க்கு ஒரு பை. ராத்திரி படுக்கையில் புரளும்போது புதிதாக ஒரு பயம் வரும்; காலையில் அதற்கு ஒரு பை முளைக்கும். மகளைக் கடையில் நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, கோடு போட்டு, அத்தனை வாயையும் அந்தக் கோட்டில் நிறுத்தினார். பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பாக்கெட்டாரே, இதுல ஒரு குடும்பமே குடியிருக்கலாம்" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மகள் கட்டிப் பார்த்தாள். "சூப்பர்ப்பா" என்றாள்.

அந்த ஒரு சொல்லை வைத்து அவர் வெகுநாள் வண்டியோட்டினார். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "பை எப்படி?" என்பார். "சூப்பர்ப்பா" என்பாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "நம்ம பொண்ணு மேகத்துக்குப் பக்கத்துல கட்டிக்கிட்டு வேலை பாக்கறது நம்ம பைதான்" என்று சொல்லாமல் அளவு நாடாவைக் கையில் எடுக்க மாட்டார். குழாய்க் கடைக்காரர் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், பாக்கெட்டார் வாயைத் திறக்கும் முன்பே "மேகத்துக்குப் பக்கத்துலதானே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மகள் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய பெரிய வேலைப்பை கூடத்தில் கிடந்தது. அதன் தோள்வாரில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. விட்ட தையலைப் பார்த்துவிட்டு சும்மா போக அவரால் ஆகாது. ஊசியும் நூலும் எடுத்துவந்து, தைக்க வசதியாக உள்ளே இருந்ததை வெளியே எடுத்துவைத்தார்.

மேலேயே அவர் தைத்த பை இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, மடிப்புக் கலையாமல். எடுத்துப் பார்த்தார். வேலை செய்கிற பை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வாய் ஓரம் கிரீஸ் பட்டுக் கறுத்திருக்கும், அடிப்பக்கம் கருவி இடித்து இடித்துத் தேய்ந்திருக்கும், வார் உடம்பின் வளைவுக்கு வளைந்திருக்கும். இந்தப் பை அவர் தைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மடிப்புக்கூட அவர் மடித்த மடிப்பு. அதற்கு அடியில் கடையில் வாங்கிய ஒரு ரெடிமேட் பெல்ட் கிடந்தது. மண்ணும் கிரீஸும் அப்பி, ஒரு பக்கம் பிய்ந்து, கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. தையலா அது? தையல் என்றே சொல்லக் கூடாது. மெஷின் இருமிக்கொண்டே ஓடிய மாதிரி இருந்தது.

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே உள்ளே வைத்தார். விட்ட தையலையும் தைத்துவிட்டார். அந்த நேரத்திலும் தைத்துவிட்டுத்தான் எழுந்தார் என்பதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பேசவில்லை. பேசாமல் இருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்படியாகப் பேசாமல் இருந்தார். தட்டைச் சத்தமாக வைத்தார். தண்ணீர் டம்ளரைச் சத்தமாக எடுத்தார். மனைவிதான் முதலில் பொறுமையிழந்தாள்.

"பையைத் திறந்து பாத்துட்டீங்களா?"

"எந்தப் பை?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு வராது."

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அது இரண்டாவது அடி. "ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னை ஏமாத்தினீங்களா?" என்றார்.

"அவளுக்குச் சொல்ல மனசு வரல. தினம் வாசல்ல நின்னுக்கிட்டு, பை எப்படி, பை எப்படின்னு பரிட்சை ரிசல்ட்டுக்கு நிக்கற மாதிரி நின்னா யாருக்குத்தான் மனசு வரும்?"

மகள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அப்பா, உங்க பை நல்ல பைதான்" என்றாள். "ஆனா தரைக்கு நல்ல பை."

பிறகு நடந்ததைச் சொன்னாள். வேலைக்குப் போன ஆரம்பத்தில் அதைக் கட்டிக்கொண்டுதான் ஏறியிருக்கிறாள். மேலே உட்கார்ந்த வாக்கில் வேலை செய்யும்போது ஒரு ஸ்பேனர் உறையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. கீழே கயிறு கட்டி ஆள் வராமல் தடுத்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. சூப்பர்வைசர் திட்டவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை விழுந்தால் கீழேயே இருந்து கேபிள் சுற்ற வேண்டியதுதான், மேலே ஏற விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

"அதான் கடையில ஒண்ணு வாங்கினேன். அதுவும் சரியில்லப்பா. ஆம்பளைங்க இடுப்புக்குத் தைச்சது. இறுக்கினா மூச்சு முட்டுது, தளர்த்தினா இறங்குது. கயிறு சுத்திக் கட்டிக்கிட்டுதான் ஓட்டறேன். அடுத்த வாரம் புது டவர். எனக்குப் பயம் உயரத்துல இல்ல, இந்த பெல்ட்லதான்."

தன் பை நிராகரிக்கப்பட்டது அவருக்கு ஒரு வலி. ஆனால் மண்ணில் குத்தி நின்ற ஸ்பேனர் அதைவிடப் பெரிய வலி. அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால்? அவள் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வேலை, அப்பன் தைத்த பையாலேயே போயிருக்கும். இத்தனை நாள் மேகத்துக்குப் பக்கத்தில் என்று பெருமையடித்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல், அதில் சோற்றை வைத்து அடைத்தார்.

சாயங்காலம் முழுக்க அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். குற்றம் எங்கே என்று தெரியவில்லை. நின்று பார்த்தார், கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார், கருவி கைக்கு வந்தது. நடந்தார், குனிந்தார், ஒன்றும் விழவில்லை. தரையில் எல்லாம் சரியாக இருந்தது. "தரையிலதான் சரியா இருக்கும்னு அவளே சொல்லிட்டாளே" என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பையின் குற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் தரையை விட்டுப் போக வேண்டும். போக வேண்டியவர் யார் என்பதிலும் அதிகம் சந்தேகம் இல்லை.

பெயிண்ட் கடைக்காரருக்குப் பின்பக்கம் ஒரு கிடங்கு இருந்தது. பெரிய டிரம்களைத் தூக்க உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டியிருப்பார். சங்கிலியைக் கையால் இழுத்தால் எவ்வளவு கனமானாலும் மெல்ல மேலே போகும். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே பாக்கெட்டார் அங்கே போய் நின்றார். மகள் வீட்டில் வைத்திருந்த இன்னொரு ஹார்னஸ், அதாவது உயரத்திலிருந்து விழாமலிருக்கத் தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டுகிற வார்க்கட்டு, அவர் கையில் இருந்தது.

"பெயிண்டுக்காரரே, ஒரு டிரம் தூக்கணும்."

"எங்க டிரம்?"

"இதோ" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

ஹார்னஸை மாட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. தொடை வாரைக் கையிலும் தோள் வாரைக் காலிலும் நுழைத்து, ஒரு வழியாக அவிழ்த்து, திரும்ப மாட்டினார்கள். மேலே தன் பையைக் கட்டிக்கொண்டார். எல்லா உறையிலும் கருவி, எல்லாப் பையிலும் அதற்குரிய சாமான். பெயிண்ட் கடைக்காரர் கொக்கியை மாட்டிவிட்டுச் சங்கிலியை இழுத்தார். கர்ர் கர்ர் என்று சத்தம் வந்ததும் பாக்கெட்டார் கண்ணை மூடிக்கொண்டார்.

"போதும், போதும்! ரொம்ப மேல போயிட்டேன்!"

"குதிகால்தான் தூக்கியிருக்கு, பாக்கெட்டாரே. கால்விரல் இன்னும் தரையிலதான் இருக்கு."

"சரி, இழுங்க. என்கிட்டக் கேக்காம இழுங்க."

கால் தரையை விட்டது. நின்ற மேனிக்கே மேலே போவோம் என்று நினைத்திருந்தார். உடம்பு அப்படிப் போகவில்லை. தொடை வார் தூக்கிக் கொடுக்க, முழங்கால் மடங்கி, நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டார். இடுப்புப் பை அவரோடு சேர்ந்து புரண்டது. கோட்டில் வரிசையாக நின்ற வாயெல்லாம் படுத்துக்கொண்டன. தொடை கீழேயிருந்து இடித்தது. முதலில் ஸ்பேனர் விழுந்து ஒரு பெயிண்ட் டப்பா மூடியில் ணங்கென்று மோதியது. பின்னாலேயே பிளேயர், டேப், விசில், மாத்திரை அட்டை எல்லாம் விழுந்தன. கடைசியில் மிட்டாய்கள் கிடங்குத் தரை முழுக்க உருண்டன. ஒரு டப்பா மூடி திறந்து பெயிண்ட் கடைக்காரரின் பாதத்தில் வெள்ளைப் பெயிண்ட் சிந்தியது. அவர் சங்கிலியைப் பிடித்திருந்ததால் விலகவும் முடியவில்லை.

பாக்கெட்டார் கண்ணைத் திறந்தார். ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அவருக்கு அதுவே மலையுச்சியாக இருந்தது. கை தானாகத் தூக்கத்திலும் போகிற இடத்துக்குப் போனது. அங்கே பை இல்லை, தொடைதான் இருந்தது. இன்னொரு கை மேலே சங்கிலியைப் பிடித்திருந்தது. அந்தக் கை கீழே வரவே மாட்டேன் என்றது. தொங்குகிறவனுக்குக் கை தொங்காது என்பது இத்தனை வருஷ அனுபவசாலிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தன்னையே திட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் மேலே இருந்துகொண்டு அதிகம் அசைய அவர் விரும்பவில்லை.

அம்மா சொல்லி மகள் ஓடிவந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். பிறகு முகம் மாறி, கிட்டே வந்து, முறுக்கிக்கொண்டிருந்த தொடை வாரை நேராக்கிவிட்டாள்.

"இறக்குங்க அவரை. உங்களுக்குத் தலை சுத்தும்ப்பா."

"சுத்துது. இறக்க வேணாம். சாக்பீஸ் எடு."

"என்னது?"

"சாக்பீஸ் எடும்மா. இப்பச் சொல்லு. பை எப்படி?"

"சூப்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

"நான் தொங்கிக்கிட்டு இருக்கேன். தொங்கறவன்கிட்டப் பொய் சொல்லாத."

அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது.

"வாய் ரொம்பச் சின்னதுப்பா. கையுறை போட்டா விரல் நுழையாது. கழட்டினா வெயில்ல கம்பி கையைச் சுடும். இடுப்புல ஏற்கனவே ஹார்னஸ் இருக்கு, அதுமேல இதைக் கட்டினா ரெண்டும் சண்டை போடுது. பாதி பை எதுக்குன்னே எனக்குத் தெரியல. இந்த ஓரத்துல நீளமா ஒண்ணு வச்சிருக்கீங்களே?"

"அது சீப்புக்கு."

"மேல எதுக்குப்பா சீப்பு?"

"காத்துல முடி கலைஞ்சா..."

"ஹெல்மெட் போட்டிருப்பேன்ப்பா!"

பெயிண்ட் கடைக்காரர் சங்கிலியைக் கட்டிவிட்டு, சிரிப்பதற்காகவே கிடங்குக்கு வெளியே போனார்.

"வேற?" என்றார் பாக்கெட்டார்.

"கனம். ரொம்பக் கனம். ஏறும்போது உங்களையும் முதுகுல தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்."

அது அவர் மனசில் போய் நின்றது. உண்மையில் அவர் ஆசைப்பட்டதும் அதுதான். தான் ஏற முடியாத இடத்துக்கு அவள் தனியாகப் போகக் கூடாது என்று தன்னையே துண்டு துண்டாக வெட்டி, பை பையாகத் தைத்து, அவள் இடுப்பில் கட்டி அனுப்பியிருந்தார். அவளோ அந்தக் கனத்தோடு ஏறிப் பார்த்து, முடியாமல், அவர் மனசு நோகாமல் இருக்க உறை போட்டு மடித்துவைத்திருந்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிடங்கில் தூசி நிறைய இருந்ததால் அதற்குக் காரணம் சொல்ல வசதியாகப் போயிற்று.

"சரி, கை எங்க போகும்? நீ மேல இருக்கும்போது எந்தக் கை சும்மா இருக்கும், எங்க போகும்? காட்டு."

அவள் காட்டினாள். பக்கவாட்டில், ஹார்னஸின் இடுப்பு வளையத்துக்குச் சற்றுக் கீழே, தொடைக்கு வெளியே. அவர் அந்த இடத்தில் தன் கால்சட்டை மேலேயே கோடு போட்டார். சரியில்லை என்றாள். அழித்து இன்னொரு கோடு போட்டார். தலை சுற்றியது, ஆனாலும் இறங்க அவருக்கு மனமில்லை. மகள் இவ்வளவு நேரம் தன் தொழிலைப் பற்றி அவரிடம் பேசியதே கிடையாது. கீழே இறக்கியதும் மிட்டாய்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

புதுப் பை இடுப்பில் கட்டுவதே இல்லை. சின்ன வாளி போல் வட்டமாக இருந்தது. ஹார்னஸ் வளையத்திலிருந்து தொங்கும், அவள் நின்றாலும் உட்கார்ந்தாலும் சாய்ந்தாலும் வாய் வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். கையுறை போட்ட கை முழுசாக நுழைய அகலமான வாய். உள்ளே மெல்லிய துணியில் ஒரு கழுத்து, கயிற்றை இழுத்தால் சுருங்கி மூடிக்கொள்ளும். உள்ளேயே வளையங்கள் வைத்து ஒவ்வொரு கருவியையும் ஒரு நூல்கயிற்றால் கட்டிவைத்தார். கை நழுவினாலும் கருவி தொங்கும், விழாது. தைத்தார், பிரித்தார், மறுபடியும் தைத்தார். வீட்டு ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டு, காற்றடித்தால் எப்படி என்று பார்க்க, மனைவியை விளக்குமாற்றால் அடிக்கச் சொன்னார். அவள் ரொம்ப ஆர்வமாக அடித்தாள். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு அடிக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஒன்றும் விழவில்லை.

கடைசி நேரத்தில், "மிட்டாய்க்கு மட்டும் வெளிப்பக்கம் ஒரு சின்ன பை" என்று இழுத்தார்.

"வேணாம்" என்றார்கள் இரண்டு பேரும்.

புது டவரில் ஏறும் நாள் வந்தது. மகள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு மனைவிக்குத்தான் தெரியும்.

அன்றைக்குக் கடையில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு குழாய் வேலைக்காரருக்குக் கருவிச் சுருளைத் தலைகீழாகத் தைத்துவைத்தார். இரும்புக்கடைத் தெருவில் இரும்பு விழுகிற சத்தத்துக்குப் பஞ்சமா? ஒருவர் குழாயைப் போடுவார், ஒருவர் கம்பியை இறக்குவார், எதிர்க்கடையில் தகட்டைத் தட்டுவார்கள். ஒவ்வொரு ணங்குக்கும் அவர் மெஷினை நிறுத்தினார். இதோ விழுந்துவிட்டது, இனி அவள் கீழேதான், கேபிள்தான் என்று ஒவ்வொரு தடவையும் முடிவு கட்டினார். கடைசியில் பெயிண்ட் கடைக்காரர் வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க, பாக்கெட்டாரே. உங்களைப் பாத்தா எனக்கே படபடன்னு வருது" என்றார். அவர் போகவில்லை. அவள் வந்தால் கடை வழியாகத்தான் வருவாள்.

வெயில் சாய்ந்த பிறகு வந்தாள். முகமெல்லாம் வேர்வை, மண். பக்கவாட்டில் உள்ளே நுழைந்து, துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து, அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். பை மடியில் இருந்தது. அவர் மெஷின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"ஒண்ணும் விழல" என்றாள்.

அவர் மூச்சு விட்டார். காலையிலிருந்து அப்போதுதான் விட்ட மாதிரி இருந்தது.

"ஆனா ஒரு குறை இருக்கு. வாயை மூடற கயிறு நீளம். காத்துல மூஞ்சியில அடிச்சுக்கிட்டே இருக்கு."

குறை சொல்லிவிட்டாள்! அவர் துள்ளி எழுந்தார். "அதுக்கென்ன, குடு, இப்பவே வெட்டித் தர்றேன். அப்படியே அந்தக் கழுத்துத் துணியையும் பிரிச்சு, உள்ள இன்னொரு மடிப்பு வச்சு..." என்று கையை நீட்டினார்.

மகள் பையைத் தரவில்லை. இரண்டு கையாலும் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா."

"ஒரு நிமிஷ வேலைம்மா."

"ஒரு நிமிஷம்னுதான் ஆரம்பிப்பீங்க. அப்புறம் பிரிப்பீங்க, தைப்பீங்க, நாலு நாள் ஆகும். காலைல நான் ஏறணும். இது இல்லாம எப்படி ஏறுறது?"

மெஷின் மேல் கிடந்த கத்தரிக்கோலைத் தானே எடுத்தாள். கயிற்றைத் தானே வெட்டினாள். நுனியில் முடிச்சுப் போட்டாள், கோணலாகத்தான் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வீட்டுக்குச் சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். பாக்கெட்டார் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார்.

பெயிண்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஏதாவது பிரச்சினையா?"

"என் பையை என்கிட்டயே தர மாட்டேங்கறா" என்றார் பாக்கெட்டார். குறை சொல்வது போலத்தான் சொல்லப் பார்த்தார். முகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை.